ஓரிரவும் வெளியே தங்காத அக்கா

அவரிடம் சுகம் விசாரித்தால் ஓர் எண்ணைச் சொல்லுவார்.

"எப்பிடி அக்கா, சுகமோ?"

"இருநூற்றிப் பதினொண்டு, பிள்ளை."

அடுத்த ஞாயிறு கேட்டால் இருநூற்றிப் பதினெட்டு. முதல் தடவை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீனி வருத்தக்காரர்தான் இப்படி எண்ணில் பேசுவார்கள் என்பதால், "டொக்டரிட்டக் காட்டினியளோ?" என்று வேறு கேட்டு வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வேலை செய்த வீட்டில் தான் படுத்தெழும்பிய இரவுகளின் எண்ணிக்கை அது.

மொன்றியலில் எங்கள் பங்குக் கோவிலில் அவரை எல்லோரும் லொங்குய்ய் அக்கா என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய படிவங்கள் எல்லாவற்றிலும் அதை எழுதியவள் நான்தான். ஆனாலும் அதை இங்கே எழுதக் கை வரவில்லை. மன்னாரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை செய்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து எஞ்சினியர், பாரிசவாதத்தில் விழுந்த தன் தகப்பனைப் பார்க்க அவரைக் கூப்பிட்டிருந்தார். வீட்டோடு தங்கிப் பராமரிப்பவர்களுக்கென்று அந்த நாளில் ஒரு விசா இருந்தது. வந்து மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடம், வேலை கொடுத்தவரின் வீட்டிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். செய்து முடித்தால் இங்கேயே நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். ஊரில் உள்ள பிள்ளையையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது ஆகியிருக்கக் கூடாது.

அக்காவுக்கு ஒரே ஒரு மகள். புருஷன் கடலில் செத்துப்போனபோது அவளுக்கு மூன்று வயது. அக்கா ஒக்டோபரில் மொன்றியலில் வந்து இறங்கியபோது அவளுக்குப் பத்தொன்பதரை. உயர்தரம் எழுதிவிட்டு, சித்தி வீட்டில் இருந்துகொண்டு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பார்த்தால் இரண்டு வருடம் முடிந்த பிறகும் அரை வருடம் கையில் இருந்தது. அக்கா பயந்து பயந்து இருந்ததற்குக் காரணமே இல்லை. ஆனாலும் பயந்தார்.

ஒரு இரவு வெளியே தங்கினால் எண்ணிக்கை அறுந்துபோகும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று யாரோ விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். அது சுத்தப் பொய். வார விடுமுறையில் எங்கே தங்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, அவங்கள் வந்து கட்டிலுக்குக் கீழ பாக்கிறேல்ல."

"அவங்கள் பாக்காட்டி என்ன? நான் எண்ணிறன் தானே."

என் தங்கையின் கலியாணம் லாசாலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா பேசி முடித்து, மாப்பிள்ளையின் சிநேகிதன் பேசத் தொடங்கியபோது, லொங்குய்ய் அக்கா பட்டுச் சேலைக்கு மேலே குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். அம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

"சாப்பிடாமல் போறதோ? இஞ்ச எங்கட வீட்டில படுத்துப்போட்டு விடியப் போங்கோவன். கிட்டத்தானே."

"இல்லை அன்ரி. மெற்றோவில பச்சை லைன் பிடிச்சுப் பேந்து மஞ்சள் லைனுக்கு மாறோணும். போறன்."

"பெரிய இடத்துப் பொம்பிளை, வீட்டுக் கட்டில் இல்லாமல் நித்திரை வராது," என்று மேசையில் ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அம்மா சமையலறைக்குள் ஓடிப்போய் நாலு ரோல்ஸை வெள்ளித்தாளில் சுற்றி அவர் கைப்பையில் திணித்தார்.

வருடா வருடம் ஓகஸ்ட்டில் எங்கள் கோவிலில் இருந்து பஸ் பிடித்து, கியூபெக் நகரத்துக்கு அங்கால உள்ள அன்னம்மாள் கோவிலுக்குப் போவோம். ஓரிரவு தங்கிவிட்டு வருகிற யாத்திரை. அக்காவுக்கு அன்னம்மாள் மேல் அப்படியொரு பக்தி. மடு மாதா கோவிலுக்கு நடந்து போன கால்கள், பஸ்ஸில் ஏறி இருக்க வேண்டியதுதானே? வரவில்லை. வாசலில் வந்து நின்று, தன் முழங்கை நீளத்துக்கு ஒரு மெழுகுதிரியை என் கையில் தந்தார்.

"மகளின்ர பேரைச் சொல்லிக் கொளுத்து, பிள்ளை. என்ர பேர் தேவையில்லை."

அவர் விழுந்து மணிக்கட்டு உடைந்ததும் அந்த வருடப் பனியில்தான். பஸ் தரிப்பிடத்தில் சறுக்கி, கையும் தலையும் அடிபட்டிருந்தன. மருத்துவமனையில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. நான் டவுன்டவுனில் ஒரு பல் வைத்தியரின் நிலையத்தில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு ஓடினேன். கையில் மாவுக்கட்டுப் போட்டாயிற்று. தலையில் அடிபட்டதால் ஓரிரவு வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர், இளம் கியூபெக்காரர். அக்கா கட்டிலில் இருந்து காலைக் கீழே போட்டுவிட்டார்.

"நான் நிக்கேலாது எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்ன அவசரம் என்றார். நான் சட்டத்தையும் அக்காவின் எண்ணிக்கையையும் விளக்கினேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மருத்துவமனையில் இரவு தங்கியதற்கு எந்த அரசாங்கமும் எண்ணிக்கையைக் குறைக்காது, வேண்டுமானால் கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். அக்கா அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்ற தாளில் இடது கையால் கையெழுத்து வைத்துவிட்டு, என்னோடு டாக்சியில் ஏறினார். ஜாக் கார்த்தியே பாலத்தைக் கடக்கும்போது வாந்தி எடுத்தார். அன்றைக்கு எண்ணிக்கை நானூற்றைத் தாண்டியிருந்தது.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பத்து வயதில் இங்கே வந்தவள், பிரெஞ்சில் படித்தவள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் கோவிலின் கீழ் மண்டபத்தில், தேநீர் அண்டாவுக்குப் பக்கத்து மேசை எனக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். பென்ஷன் படிவம், பிள்ளைக் காசுப் படிவம், ஸ்பொன்சர் படிவம் எல்லாம் என்னிடம்தான் வரும். என்னை விட இரு மடங்கு வயதுக்காரர் எல்லாம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "பிள்ளைக்குத் தெரியாத சட்டம் இல்லை" என்று சுவாமியே ஒரு தடவை பிரசங்கத்தில் சொன்னார். அந்தப் புகழ் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அக்காவின் விசாவுக்கான கைநூலையும் நான்தான் அவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். முப்பது நாற்பது பக்கம். நான் வாசித்தது பன்னிரண்டு பக்கம் இருக்கும். முக்கியமானது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அக்கா வந்து பதினெட்டு மாதம் முடியப்போகிற நேரம், மார்ச் கடைசியில், எஞ்சினியரின் தகப்பன், நாங்கள் லொங்குய்ய் ஐயா என்று சொல்பவர், போய்விட்டார். ஊரில் ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். வாயின் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் அவர் கதைப்பது மகனுக்கே பாதிதான் விளங்கும். அக்காவுக்கு முழுக்க விளங்கும். அக்காவின் கையைப் பிடித்தபடிதான் சீவன் போனது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. கிட்டத்தட்ட ஐம்பது பேர் வந்திருந்தோம். எல்லோரும் தட்டோடு நிற்கும்போது எஞ்சினியர் எழும்பினார். நல்ல மனிதர். இன்றைக்கும் அவரை அப்படித்தான் சொல்லுவேன்.

"எல்லாருக்கும் முன்னால ஒண்டு சொல்லோணும்," என்றார். "அப்பாவை நான் பாத்ததை விட இவதான் பாத்தவ. பெத்த பிள்ளையும் செய்யாததைச் செய்தவ. இண்டையில இருந்து இவ இந்த வீட்டில வேலைக்கு நிக்கிற ஆள் இல்லை. எனக்கு அக்கா. அக்காவுக்குச் சம்பளம் குடுக்கிறது எண்ட கதை இனி இந்த வீட்டில இல்லை. இது அவவின்ர வீடு."

அவர் மனைவி அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். சம்பளம் இல்லை என்று ஒருவர் அறிவிக்க, ஐம்பது தமிழர் நின்று நெகிழ்ந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று கொடுக்கத் தெரியாது. கூடப்பிறந்தவளுக்குக் கூலி கொடுப்பது அவமானம் அல்லவா? நானும் அழுதேன். அந்த வீட்டில் அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே உறவை, அந்த நல்ல மனிதர் எல்லோருக்கும் முன்னால் அறுத்துவிட்டார் என்பது, சட்டம் தெரிந்த பிள்ளையான எனக்கும் உறைக்கவில்லை.

அக்காவுக்கு ஏதோ உறைத்திருக்கிறது. கை கழுவப் போன இடத்தில் என்னை மறித்தார்.

"பிள்ளை, ஐயா இல்லை. சம்பளமும் இல்லை. என்ர எண்ணிக்கை ஓடுமோ?"

என் வீட்டில் மேசை லாச்சிக்குள் அந்தக் கைநூல் இருந்தது. "பாத்துச் சொல்லுறன் அக்கா" என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள்.

"வீட்டில தானே இருக்கிறியள் அக்கா? அந்த வீட்டிலேயே தங்கோணும் எண்டதுதான் சட்டம். ஓடும், ஓடும். பயப்பிடாதேங்கோ."

அவர் முகம் தெளிந்தது. என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் அந்த வீட்டில் அக்காவாக இருந்தார். நிலவறை அறையில் இருந்து அவரை மேலே ஐயாவின் அறைக்கு மாற்றினார்கள். சமைத்தார், உடுப்பு மடித்தார், எஞ்சினியரின் மனைவிக்குத் தலைவலி என்றால் கோப்பி போட்டுக் கொடுத்தார். கைச்செலவுக்கு அவர்கள் கொடுப்பதை மகளுக்கு அனுப்பினார். எங்கேயும் தங்கவில்லை. சுகம் கேட்டால் அறுநூற்றி முப்பது என்றார், எழுநூற்றி ஐந்து என்றார். எண்ணூறு வரைக்கும் போவாரோ என்று பகிடி பண்ணினோம்.

ஒக்டோபரில் எழுநூற்றி முப்பது ஆனது. அன்றைக்கு அவர் கோவிலுக்கு ஒரு பெரிய சட்டி நிறையப் பால் அப்பம் சுட்டுக்கொண்டு வந்தார். நான் புதிய பேனையோடு மேசையில் இருந்தேன். படிவத்தில் பிள்ளைகளின் விபரம் வரும் இடத்தில் மகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். கூட வருகிறாரா என்ற கேள்விக்கு, ஆம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். பிறகு இணைக்க வேண்டிய தாள்களின் பட்டியலுக்கு வந்தேன். வேலை கொடுத்தவரின் கடிதம். யாரைப் பராமரித்தார், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, சம்பளச் சீட்டுகள்.

அதை வாசித்ததும் பேனையை மூடி வைத்தேன். வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்து கைநூலை எடுத்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. தடித்த எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். நீங்கள் பராமரிப்பவர் இறந்தால் உங்கள் வேலை அன்றோடு முடிகிறது. புதிய வேலை கொடுப்பவரும் புதிய அனுமதியும் வேண்டும். இடையில் உள்ள காலம் எண்ணப்படமாட்டாது. ஒரு குழந்தைக்கு விளங்குகிற மாதிரி எழுதியிருந்தது.

முப்பத்தோராம் நாள் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் ஓகஸ்ட்டுக்குள் அவருக்குப் புது அனுமதி வந்திருக்கும். மீதி ஆறு மாதமும் வேலை செய்ய, ஜனவரியோடு இரண்டு வருடமும் முடிந்திருக்கும். சித்திரையில்தான் மகளுக்கு இருபத்திரண்டு. இனிப் புது அனுமதி எடுத்து அந்த ஆறு மாதத்தை முடிக்க ஆடி ஆகும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் வயதில் சலுகை உண்டு. அவள் படிப்பை விட்டு இரண்டு வருடம்.

அடுத்த நாள் பின்னேரம் லொங்குய்யுக்குப் போனேன். எஞ்சினியர், மனைவி, அக்கா மூவரும் ஹோலில் இருந்தார்கள். வழி முழுக்க, உண்மையைச் சொல்வது என்றுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாய் திறந்தபோது வந்தது இது.

"அக்கா, இப்ப சட்டம் மாத்திப்போட்டாங்கள். புதுசாக் கொண்டுவந்திருக்கிறாங்கள். ஐயா போனதுக்குப் பிறகு வந்த மாசங்களை எண்ணமாட்டாங்களாம்."

இதை எழுதும்போது எனக்கு இப்போதும் முகம் எரிகிறது. பிழை விட்டதை மன்னிக்கலாம். அன்றைக்கு நான் சொன்னது பொய்.

எஞ்சினியர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார்.

"அப்பா உயிரோட இருக்கிறார் எண்டு நான் எழுதித் தாறன். சம்பளம் குடுத்தனான் எண்டும் எழுதுறன். வந்து எண்ணிப் பாக்கட்டும்."

நான் அக்காவைப் பார்த்தேன். பனியில் விழுந்து தலை அடிபட்டும் ஓரிரவு வெளியே நிற்கமாட்டேன் என்றவர். சட்டத்தின் நிழலைக்கூட மிதிக்கப் பயந்தவர். ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னார்.

"எழுதுங்கோ தம்பி."

மறித்தது நான்தான். ஐயாவின் மருத்துவ அட்டை ரத்தாகிவிட்டது, மரணப் பதிவு இருக்கிறது, வரிக் கணக்கு இருக்கிறது, ஒன்றைப் பார்த்தாலே பிடிபடும், பிடிபட்டால் அக்காவை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். அவ்வளவும் உண்மை. இந்த முறை நான் எல்லாப் பக்கமும் வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினியரின் கையில் இருந்து தாளை வாங்கி, இரண்டாக மடித்து, மேசையில் வைத்தார்.

"பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

மகளிடம் சொல்வதற்கு அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை என் வீட்டிலிருந்து மன்னாருக்கு எடுத்தோம். ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு அவர் யன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் அந்தப் பிள்ளைக்கும் அதே பொய்யைச் சொன்னேன்.  அவள், அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்ரி, நான் ஒரு வருசம் பிந்திப் பிறந்திருந்தா வந்திருப்பன், என்ன?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

"அப்ப என்னிலதான் பிழை," என்று சொல்லிச் சிரித்தாள். "அம்மாவை அழ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவவாவது முடிக்கட்டும்."

அக்கா முடித்தார். ஜனவரியில் புதிய அனுமதி வந்தது. லாசாலில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், இரட்டைக் குழந்தைகள். அவர்களோடு போய்த் தங்கினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இப்போதும் ஓரிரவு வெளியே நிற்கமாட்டார். ஆனால் சுகம் கேட்டால் எண் சொல்லுவதை நிறுத்திவிட்டார். "சுகம் தான் பிள்ளை" என்பார். எல்லோரும் சொல்லுகிற பதில்தான். அவர் வாயில் இருந்து அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கண்டால் தேநீர் எடுக்கப் போவதுபோல் மற்றப் பக்கம் நழுவத் தொடங்கினேன்.

சித்திரையில் மகளின் பிறந்தநாளன்று பூசைக்குக் காசு கொடுத்து அவள் பெயரை வாசிக்கச் செய்தார். சுவாமி வாசிக்கும்போது நான் முழந்தாளில் குனிந்தபடி இருந்தேன். அன்றைக்கு அவளுக்கு இருபத்திரண்டு.

ஆனி மாதத்தில் ஒரு நாள் லாசாலில், ஆற்றங்கரைப் பூங்காவில் அவரைக் கண்டேன். இரட்டைத் தள்ளுவண்டியோடு, நாலைந்து பிலிப்பீன் பெண்களுடன் ஒரு வாங்கில் இருந்தார். எல்லோரும் இதே விசாவில் வந்தவர்கள். சட்டத்தைச் செபம் மாதிரி மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர்கள். அக்கா என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அதில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் இவவுக்குப் பேப்பர் வேலை செய்யிறவளோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆம் என்றேன்.  அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்யத் தொடங்கினாள். அக்கா வழமைபோல, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டு, தன் டப்பாவில் இருந்து ஒரு கட்லற் எடுத்துத் தந்தார். அதைக் கையிலேயே வைத்திருந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு கைலேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

ஆடியில் விண்ணப்பம் போனது. இனி எங்கேயும் தங்கலாம், அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று சொன்னேன். "இருக்கட்டும் பிள்ளை," என்றார். ஒன்றரை வருடம் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். டவுன்டவுனில் ஒரு கட்டிடத்தின் ஆறாம் மாடி. மொழிபெயர்க்க நானும் போனேன். அதிகாரி அன்பான பெண். தாளைப் புரட்டிக்கொண்டு வந்தவர், மகளின் பெயர் இருந்த வரியில் நின்றார். யாரோ எங்கேயோ அதைத் தகுதியுள்ள பிள்ளைகளின் கட்டத்துக்குள் பதிந்திருந்தார்கள். சின்னத் திருத்தம்தான் என்று சொல்லி, மட்டத்தடி வைத்து அந்தப் பெயருக்கு மேலே கோடு போட்டார். பக்கத்தில் ஒரு சுருக்கக் கையெழுத்து வேண்டும் என்றார்.

அக்கா கையெழுத்து வைத்தார். அவசரப்படாமல், பேனையை அழுத்தாமல் வைத்தார்.

"பியாங்வெனு," என்று அதிகாரி பிரெஞ்சில் வரவேற்று எழும்பிக் கை கொடுத்தார். இனி இந்த நாட்டில் நீங்கள் விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்றும் சொன்னார். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். லிஃப்டில் இறங்கும்போது அக்கா கேட்டார்.

"இனி எங்க வேணுமெண்டாலும் படுக்கலாமோ?"

"ஓம் அக்கா."

"அப்ப நான் என்ர பிள்ளையிட்டப் போறன்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. நிரந்தர அட்டை தபாலில் வர ஆறு கிழமை ஆகும், அது இல்லாமல் போனால் திரும்பி வருவது கஷ்டம், வந்தாலும் ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருடம் இங்கே இருந்து காட்ட வேண்டும், ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னும் எண்ணச் சொல்லுறியோ, பிள்ளை?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பேன். பத்து நாளில் போய்விட்டார். விமான நிலையத்துக்கு எஞ்சினியர் கூட்டிக்கொண்டு போனார். நான் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போகவில்லை.

மூன்று மாதம் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மேசைக்கு வந்தவர்களை எல்லாம் பேந்து வாருங்கோ என்று அனுப்பிவிட்டு, கோவிலுக்கு எதிரே இருந்த தெப்பனர் என்ற மூலைக் கடையில் ஐந்து டொலர் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு எடுத்தேன். மூன்றாம் தடவை எடுபட்டது. அக்காதான் எடுத்தார். என் குரலை உடனே கண்டுபிடித்தார். எங்கேயும் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

"அக்கா, அந்தச் சட்டம் மாறேல்ல. எப்பவும் அப்பிடித்தான் இருந்தது. புத்தகத்தில இருந்தது. நான் வாசிக்கேல்ல. பேந்து வந்து உங்களுக்குப் பொய் சொன்னனான்."

என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. மறுபக்கத்தில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"தெரியும் பிள்ளை," என்றார் அக்கா. அவர் குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "பார்க்கில அந்தப் பிள்ளையள் அப்பவே சொன்னவை."

"அக்கா..."

"மெல்லமாக் கதை. இவள் பக்கத்தில படுத்திருக்கிறாள். இப்பதான் கண்ணயந்தவள்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் ரிசீவரை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பிள்ளை நித்திரையில் புரண்டு ஏதோ முணுமுணுத்தாள். அக்கா அவளைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அட்டையில் இருந்த நிமிடங்கள் தீரும்வரை நாங்கள் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.